முடிவு அச்சாகாத நோட்டீசுகள்

ஈப்போ,
20 ஜனவரி 2024

அன்புத் தங்கச்சி எல்ஸிக்கு,

மரியே வாழ்க. நானும் உன் அண்ணி ஆட்ரியும் ராட்னியும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? முழங்காலில் நிற்பதையே வேலையாக வைத்திருப்பவளிடம் இதைக் கேட்பது அநியாயம்தான். ஆனாலும் கேட்கிறேன்.

தபால் தலை வாங்கப் போனால் கவுண்டரில் இருக்கும் பெண் என்னை மேலும் கீழும் பார்க்கிறாள். "அங்கிள், வாட்ஸ்அப் இருக்குல்ல, இன்னும் என்னத்துக்கு லெட்டரு?" என்றாள். "என் தங்கச்சி அடைபட்ட மடத்துல இருக்கும்மா. போனும் கிடையாது, வெளிய வாரதும் கிடையாது. கடுதாசி மட்டுந்தான்லா" என்றேன். பாவம் என்றாள். உன்னைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். பக்கத்து ஊர் லகாட்டில் ஒரு சீனர் வீட்டில் 'இருட்டுச் சுரங்கம்' பட நோட்டீஸ் இருக்கிறதாம்! ஊமைப்பட நோட்டீசுகளில் நான் எதைச் சேர்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். தகராறில் மாட்டிய படம், போலீசோ தோட்டத்துத் துரையோ சாமியாரோ நடுவில் நிறுத்திய காட்சி, அதற்கு அச்சடித்த தாள். அந்த வகையில் இதற்கு மேல் ஒன்று இல்லை. 1927இல் லகாட்டில் கூடாரம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஈயச் சுரங்கம் இடிந்து ஒரு கூலியின் மகன் உள்ளே மாட்டிக்கொள்கிறான். முதலாளி சுரங்கத்தை மூடச் சொல்கிறான். தகப்பன் வாசலை விட்டு நகராமல் நிற்கிறான். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் சுரங்க வேலைக்காரர்கள். கூடாரத்தில் சத்தம் கிளம்பியதும் போலீஸ் இடைவேளையோடு படத்தை நிறுத்திவிட்டது. போதாததற்கு வாசலில் நின்று, வெளியே போகிறவர்கள் கையிலிருந்த நோட்டீசையெல்லாம் பிடுங்கிக்கொண்டது. அதனால்தான் அது யாரிடமும் இல்லை. படச்சுருளும் அப்புறம் கிடைக்கவில்லை. பையன் பிழைத்தானா என்று யாருக்கும் தெரியாது.

ராட்னிதான் மோட்டார் சைக்கிளில் என்னைக் கூட்டிப் போனான். வீட்டில் ஆளில்லை. அவன் எங்கள் பெயர், வந்த விஷயம், தன் நம்பர் எல்லாம் எழுதிக் கதவில் செருகிவிட்டு வந்தான். திரும்பும் வழியில் கோப்பிக் கடையில் அந்தக் கதையைச் சொன்னேன். "அப்பா, படத்தையும் நிறுத்திட்டானுங்க, நோட்டீசையும் பிடுங்கிட்டானுங்கன்னா அந்தப் பையன் சாகவே இல்லலா. யாரு வந்து செத்துட்டான்னு சொல்றது? இன்னமும் உள்ளாறதான் உக்காந்திருக்கான், சோறு எப்ப வரும்னு" என்றான். நான் சிரித்த சிரிப்பில் கோப்பி சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்டது. வீட்டுக்கு வந்து ஆட்ரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவனுக்குச் சிம்பாங் பூலாய் கல் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. என் பள்ளிக்கூட பஸ் வழக்கம்போல் இருமிக்கொண்டு ஓடுகிறது. தவக்காலம் தொடங்கி உங்கள் கதவு சாத்துவதற்குள் பதில் போடு.

உன் அண்ணன்
மத்தியாஸ்

*

மடம்,
5 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். என் முழங்காலை விசாரித்ததற்கு அதன் சார்பில் நன்றி. உங்கள் சர்க்கரையை விசாரித்தால் பொய் சொல்வீர்கள், அதனால் அண்ணியிடமே கேட்கிறேன்.

உங்கள் கதையை மதர் வாசித்துவிட்டுத்தான் என்னிடம் தந்தார்கள். "உன் அண்ணனுக்கு நிறுத்தப்பட்ட படங்கள் மேல் ஏன் இத்தனை ஆசை?" என்று கேட்டார்கள். சின்ன வயதிலிருந்தே சாப்பாட்டைக்கூட முடிக்க மாட்டார், கடைசி வாய் எனக்குத்தான் வரும் என்றேன்.

ராட்னியின் வேலைக்கு நன்றி சொல்லி, பூசைக்கான அப்பம் சுடும்போது ஒரு செபமாலை கூடுதலாகச் சொன்னேன். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். காலை செபத்தில் உயிரோடு இருக்கிறவர்களின் பெயரையும், மாலை செபத்தின் கடைசியில் இறந்தவர்களின் பெயரையும் அவரவர் எழுந்து சத்தமாகச் சொல்வோம். என் காலைப் பெயர்களில் முதல் பெயர் அவனுடையது. வயதில் பெரியவர் என்றாலும் உங்களுடையது இரண்டாவதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள். முடியை வெட்டச் சொல்லி அத்தை சொன்னதாகச் சொல்லுங்கள்.

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை கடிதம் வராது, போகாது. அதுவரை நீங்கள் எழுதி எழுதிச் சேர்த்து வையுங்கள். மொத்தமாக வாசிக்கிறேன்.

தங்கை
எல்ஸி

*

மடம்,
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் உயிர்த்தார், அல்லேலூயா! எல்லாரும் சுகமா?

ஈஸ்டர் திங்களன்று தபால் பையைத் திறந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டு. எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. வருடா வருடம் என் கட்டுதான் தடியாக இருக்கும், மற்ற சிஸ்டர்கள் பொறாமைப்படுவார்கள். பஸ் பழுதா? சர்க்கரையா? லகாட் நோட்டீஸ் கிடைத்துத் தலைகால் புரியாமல் இருக்கிறீர்களா?

ராட்னி எப்படி இருக்கிறான்? ஈஸ்டர் பூசைக்கு முடி வெட்டினானா? உடனே எழுதுங்கள்.

எல்ஸி

*

ஈப்போ,
25 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

மரியே வாழ்க. இங்கு எல்லாரும் சுகம்.

வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. ராட்னியைக் கம்பெனியில் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். திடீரென்று நடந்தது. நல்ல இடம். சௌகரியமாக இருக்கிறான். முடி வெட்டிவிட்டான்.

நோட்டீஸ் இன்னும் கிடைக்கவில்லை. இங்கு மழை.

மத்தியாஸ்

*

ஈப்போ,
12 மே 2024

அன்புள்ள எல்ஸி,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். நம்ம ராட்னி போய்விட்டான். குருத்து ஞாயிற்றுக்கு முந்திய வாரம், காலையில் வேலைக்குப் போகும்போது, சிம்பாங் பூலாய் சந்திப்பில் லோரி இடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே உயிர் இல்லை.

உங்கள் மடத்துக்கு ஆள் மூலம் சேதி சொல்லி அனுப்புகிறேன் என்றார் ஃபாதர். உன் அண்ணன் விடவில்லை. "தவக்காலம், அவங்க கதவு சாத்தியிருக்கு. தொந்தரவு பண்ணக்கூடாது" என்றார். ஈஸ்டர் முடிந்தால் அவரே எழுதுவார் என்று நானும் பேசாமல் இருந்தேன். போன மாதம் அவர் எழுதிய கடிதத்தை நான்தான் ஒட்டினேன். ஒட்டுமுன் வாசித்தேன். சிங்கப்பூர் என்று எழுதியிருந்தார், எல்ஸி. முடி வெட்டிவிட்டான் என்று எழுதியிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடக்கப் பூசைக்குக் கோயிலில் ஒரு தாள் அச்சடித்தார்கள். முன்பக்கம் ராட்னியின் படம், பிறந்த தேதி, இறந்த தேதி, உள்ளே பாட்டுகள். பூசை முடிந்து பெட்டியைத் தூக்கப் போகும் நேரம், உன் அண்ணன் பெஞ்சு பெஞ்சாகப் போய் ஒவ்வொருவரிடமும் அந்தத் தாளைத் திரும்ப வாங்க ஆரம்பித்தார். "குடுங்க, குடுங்கலா. இது வெளிய போகக்கூடாது." சனம் பயந்துபோய்க் கொடுத்தது. ஒரு பிள்ளை கையில் மடித்து வைத்திருந்ததைக்கூட விரலைப் பிரித்து வாங்கினார். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, நோட்டீஸ் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். நான் ஒன்றை என் பைபிளில் ஒளித்து வைத்தேன். அவருக்குத் தெரியாது.

கல்லறையில் பெயர் இல்லாத மரச் சிலுவைதான் நிற்கிறது. கல் வைக்க வேண்டும், பெயர் வெட்ட வேண்டும் என்றால் எழுந்து போய்விடுகிறார். அழவும் இல்லை. பஸ் ஓட்டுகிறார், சாப்பிடுகிறார், ராட்னி மோட்டார் நிற்கும் இடத்தைத் துடைத்து வைக்கிறார். கல்லறைத் திருநாளுக்குள் என் பிள்ளைக்குப் பெயர் வேண்டும், எல்ஸி. உனக்குத் தெரியும் என்று அவருக்கு எழுதிவிடு. நீ சொன்னால் கேட்பார். நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

ஆட்ரி

*

மடம்,
24 மே 2024

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை மதர் என் கையில் கொடுக்கவில்லை. உட்கார வைத்து அவர்களே வாசித்துச் சொன்னார்கள். அப்புறம் நானும் வாசித்தேன். இதை எழுதுவதற்கே இத்தனை நாளாகிவிட்டது. இதைத் தனியாகவே சுமந்திருக்கிறீர்கள். ஈஸ்டர் அன்று அல்லேலூயா என்று எழுதி, முடி வெட்டினானா என்று கேட்டேனே. அந்தக் கடிதத்தை அண்ணன் எப்படி வாசித்திருப்பார்?

அன்று மாலை செபத்தில் அவன் பெயரைச் சொல்ல எழுந்து நின்றேன். வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் காத்திருந்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலையிலும் அப்படித்தான்.

நீங்கள் கேட்டதை உடனே செய்ய என்னால் முடியவில்லை அண்ணி. அண்ணன் ஏன் தாளைப் பிடுங்கினார் என்று எனக்குத் தெரியும். படத்தையும் நிறுத்தி நோட்டீசையும் பிடுங்கிவிட்டால் சுரங்கத்துப் பையன் சாகவில்லை என்று ராட்னி விளையாட்டாகச் சொன்னானாம். ஜனவரியில் எழுதியிருந்தார். பிள்ளை சொன்னதை அப்பா பிடித்துக்கொண்டார். இப்போது நான் எழுதினால், மிச்சமிருப்பதையும் நான் பிடுங்கியதாகும். கொஞ்சம் பொறுங்கள். அவர் வாயால் வரட்டும். வராவிட்டால் நான் விடமாட்டேன், இது சத்தியம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

எல்ஸி

*

ஈப்போ,
8 ஜூலை 2024

அன்புத் தங்கச்சி எல்ஸிக்கு,

மரியே வாழ்க. நாங்கள் சுகம். மே, ஜூன் இரண்டு மாதமும் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லையே, முழங்காலா?

நோட்டீஸ் கிடைத்துவிட்டது! அந்த லகாட் வீட்டுச் சீன அம்மா தேடி எடுத்து வைத்து, கதவில் ராட்னி செருகிய நம்பருக்கு அழைத்துப் பார்த்திருக்கிறார். யாரும் எடுக்காததால் விசாரித்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். "அன்னிக்கி வந்த உன் மகன் எங்கே?" என்றார். சிங்கப்பூர் என்றேன். நல்ல பையன், வெளிக் கேட்டை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

மஞ்சள் தாள், நாலு மொழி. தமிழில் இப்படி இருக்கிறது: "ஏழைத் தகப்பன் சுரங்கவாசலில் புரண்டழும் காட்சி கல்நெஞ்சையும் கரைக்கும். இருளுள் சிக்கிய ஏகபுத்திரன் மீண்டானா? மீதியை வெண்திரையில் கண்டுகொள்க." அவ்வளவுதான். என்னிடமுள்ள எல்லா நோட்டீசும் இப்படித்தான் முடிகிறது. முடிவைச் சொன்னால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

இதைப் படமெடுத்துப் பினாங்கில் பழைய படங்களை ஆராயும் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். முழுக் கதையும் ஒரு பழைய பத்திரிகையில் கிடைத்துவிட்டதாம். பையன் என்ன ஆனான் என்பதை இணைத்து அனுப்பியிருக்கிறார். நான் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதில் ஒன்றும் தப்பில்லையே?

ராட்னி ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறான் போல. பெயரைக் கேட்டால் சிரிக்கிறான். கிறிஸ்துமசுக்குக் கூட்டிவருவான் என்று நினைக்கிறேன். நீதான் ஒரு செபமாலை கோத்து அனுப்ப வேண்டும், அந்தப் பெண்ணுக்கு. அவன் அங்கே கொஞ்சம் இளைத்திருக்கிறான். மற்றபடி சந்தோஷமாக இருக்கிறான், எல்ஸி. ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறான்.

உன் அண்ணன்
மத்தியாஸ்

*

மடம்,
14 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அண்ணி எப்படி இருக்கிறார்கள்? தாமதத்துக்கு முழங்கால் காரணம் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். செபமாலை கோக்க உட்கார்ந்தேன். பாதியில் நிற்கிறது.

ஒன்று கேட்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ராட்னியின் பெயரை நான் காலையில் சொல்லட்டுமா, மாலையில் சொல்லட்டுமா?

காலையில் எழுந்து நின்றால் நாக்கு தடுக்கிறது. மாலையில் எழுந்து நின்றால், நீங்கள் சொல்லாததை நான் சொன்னதாகிவிடுமே என்று உட்கார்ந்துவிடுகிறேன். மே மாதத்திலிருந்து எந்த வேளையிலும் அவன் பெயரைச் சத்தமாகச் சொல்லவில்லை. அண்ணே, மாலையில் நாங்கள் பெயர் சொல்வது எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மோட்சத்துக்குப் போகுமுன் உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்திருக்கிற ஆன்மாக்களுக்குக் கை இல்லை, வாய் இல்லை. நாம் கேட்டால்தான் உண்டு. ஆறு வயதில் தாகமென்றால்கூட வாய்விட்டுக் கேட்கத் தெரியாமல் குவளையைப் பிடித்துக்கொண்டு நிற்பானே, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அவனுக்கு அத்தை ஒருத்தி இருந்தும் அவள் பேசாமல் இருக்கிறாள்.

சிங்கப்பூரைப் பற்றி எழுத வேண்டாம். ஒரு வார்த்தை போதும். காலையா, மாலையா? கிறிஸ்துமசுக்கு முந்திய திருவருகைக் காலம் வந்தால் மறுபடியும் கதவு சாத்திவிடும். அதற்குள் எழுதுங்கள். எந்த வார்த்தை எழுதினாலும் நான் உங்கள் தங்கச்சிதான்.

எல்ஸி

*

ஈப்போ,
20 அக்டோபர் 2024

அன்புள்ள எல்ஸி,

சுகமா இருக்கிறாயா? உன் கடிதம் வந்தது. பஸ்ஸை நிறுத்திவிட்டு, படியிலேயே உட்கார்ந்து வாசித்தார். என்னைக் கூப்பிட்டு, "நீதான் அவளுக்கு எழுதினியா?" என்றார். ஆமாம் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டையைத் துவைக்கப் போட்டால் கடிதத்தை எடுத்து அடுத்த சட்டையில் வைக்கிறார்.

நேற்று கோயில் ஆட்கள் கல்லறையைச் சுத்தம் பண்ணப் போனார்கள். நான் மட்டும் போய்ப் புல் பிடுங்கினேன். பெயர் இல்லாததால் ஒரு நிமிஷம் பக்கத்துக் கல்லறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அதை அவரிடம் வந்து சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. வேண்டிக்கொள்.

ஆட்ரி

*

ஈப்போ,
4 நவம்பர் 2024

எல்ஸி,

மாலையில் சொல்.

சுகமா என்று கேட்காமல் ஆரம்பித்துவிட்டேன். முதலில் இதை எழுதாவிட்டால் மறுபடியும் மழையைப் பற்றி எழுதிவிடுவேன் என்று பயம்.

ராட்னி செத்துவிட்டான். மார்ச் மாதம், காலையில், வேலைக்குப் போகிற வழியில். உனக்குத் தெரியும், ஆனாலும் நான் சொல்ல வேண்டுமென்றுதான் காத்திருந்தாய். சொல்லிவிட்டேன்.

உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை. எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரியும், கோயிலில் தெரியும், கோப்பிக் கடையில் தெரியும், என் பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஏறும்போது சத்தம் போடாமல் ஏறுகிறார்கள். உலகத்தில் தெரியாத இடம் உன் மடம் ஒன்றுதான். அங்கே மட்டும் அவன் உயிரோடு இருந்தான். அதனால் அங்கேயே வைத்துக்கொண்டேன். கடிதம் எழுதுகிற நேரத்தில் அவனுக்கு வேலை இருந்தது, ஒரு பெண் இருந்தாள். அவள் பெயரைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

உன் கடிதத்தை வாசித்த பிறகுதான் புரிந்தது. என் பிள்ளைக்கு வரவேண்டிய உன் செபத்தை வாசலில் நின்று பிடுங்கிக்கொண்டிருந்தது நான்தான். தாகத்துக்குக் கேட்கத் தெரியாதவன். எத்தனை மாதம் குவளையோடு நின்றிருப்பான்? இதை நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸை ஓரமாக நிறுத்தி அழுதேன். நல்ல வேளை, பிள்ளைகளை இறக்கிவிட்டிருந்தேன்.

கல்லறைத் திருநாளன்று அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆட்ரியோடு போனேன். பூசைக்கு வந்தவர்கள் அவரவர் வீட்டுக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் போய்த் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ராட்னியோடு வேலை செய்த தீபன் என்ற பையன் மட்டும், "அங்கிள், அன்னிக்கி எங்கிட்டருந்து வாங்கிட்டீங்க" என்றான். "ஆமாய்யா. இப்ப வச்சுக்க. வீட்டுக்குக் கொண்டு போ" என்றேன். அவன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அழுதான். எல்லாரும் ராட்னியின் குழியைச் சுற்றி நின்று, மார்ச்சில் பாடாமல் விட்ட கடைசிப் பாட்டைத் தாளைப் பார்த்துப் பாடினார்கள். ஆட்ரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடக்கத்தன்று அவள் பிடித்துக்கொள்ள ஒரு கையைக்கூட நான் நீட்டவில்லை, எல்ஸி. இரண்டு கை நிறையத் தாள் வைத்திருந்தேன்.

கல்லுக்குச் சொல்லிவிட்டோம். பெயர் வெட்டுகிறார்கள்.

பினாங்கிலிருந்து வந்த முடிவை இன்னும் திறக்கவில்லை. இனியும் திறக்கப் போவதில்லை. அந்தப் பையனாவது உள்ளேயே உட்கார்ந்திருக்கட்டும்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ராட்னியின் படம் நன்றாக விழுந்திருக்கிறது. முடி வெட்டவே இல்லை, பார். கதவு சாத்துமுன் உன் கைக்குக் கிடைக்கும் என்று நம்புகிறேன். இத்தனை வருஷமாக நான் சேர்த்த நோட்டீசுகளிலேயே இது ஒன்றில்தான் முடிவும் அச்சாகியிருக்கிறது.

உன் அண்ணன்
மத்தியாஸ்